கம்பத்துக்கு நூறடி முன்னால்

ஒரு பைக்கில் நாலு பேர் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. டேங்க்கின் மேல் சின்னது. அதற்குப் பின்னால் ஓட்டுகிறவன். அவன் முதுகை ஒட்டிப் பெரியது. கடைசியில் பிரிஜெட், பாதி உடம்பு சீட்டிலும் மீதி கேரியர் கம்பியிலுமாக. ஈஜிபுராவில் அவர்கள் குடியிருக்கும் சந்திலிருந்து ஆஸ்டின் டவுன் பள்ளிக்கூடம் வரை தினமும் காலை எட்டு மணிக்கு இப்படித்தான் போனார்கள். ஷெர்வினுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. லவினாவுக்கு நாலு முடியவில்லை, இந்த ஜூனில்தான் எல்.கே.ஜி. பிள்ளைகளை இறக்கிவிட்டு, ஜெயராஜ் பிரிஜெட்டை நீலசந்திராவில் அவள் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸ் வாசலில் விடுவான். ஒன்பது மணிக்கு அந்த கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அவன் தன்னுடைய லிஃப்ட் ரிப்பேர் கம்பெனிக்குப் போவான்.

வேறு வழியே இல்லையா என்று கேட்கிறவர்களுக்கு எப்போதும் வேறு வழி இருக்கும். ஸ்கூல் வேன் அந்தச் சந்துக்குள் நுழையாது. மெயின் ரோட்டுக்கு வந்து ஏறிக்கொள்ளலாம், ஆனால் எல்.கே.ஜி. பிள்ளையை ஏற்றமாட்டேன் என்று வேன்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். பஸ் என்றால் இரண்டு மாற வேண்டும், இரண்டாவது பஸ் வந்தால் வரும். தினமும் ஆட்டோவில் போகிற குடும்பம் ஈஜிபுராவில் பத்துக்குப் பத்து அறையில் ஏன் இருக்கப்போகிறது? பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் பார்க்கலாமே என்றால், ஆஸ்டின் டவுனில் பங்கு சாமியார் சொல்லித்தான் பாதிக் கட்டணத்தில் இடம் கிடைத்தது. ஈஜிபுராவில் அப்படிச் சொல்ல அவர்களுக்கு ஆள் கிடையாது.

வழியில் ஒரு சிக்னல். போன வருஷம் அந்தக் கம்பத்தில் கேமரா வைத்தார்கள். முதல் நோட்டீஸ் ஜெயராஜின் போனுக்குப் படத்தோடு வந்தது. நாலு முகமும் தெளிவாக விழுந்திருந்தன. ஷெர்வின் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம நாலு பேரும் சேந்து எடுத்த போட்டோவே வீட்ல இல்ல. எவ்ளோ நல்லா எடுத்திருக்கான் பாரு" என்றான் ஜெயராஜ்.

"ஃப்ரேம் போட்டு மாட்டுங்க" என்றாள் பிரிஜெட்.

ஐந்தாவது நோட்டீஸுக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. ஒருநாள் போலீஸ் நிறுத்தி வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு கேஸ் விழுந்தால் வண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிடும் என்றார்கள். வண்டி போனால் இரண்டு வேலையும் ஒரு பள்ளிக்கூடமும் சேர்ந்து போகும்.

அன்றிலிருந்துதான் இறங்கி நடப்பது தொடங்கியது. அவர்கள் கண்டுபிடித்தது இல்லை, அந்தப் பக்கம் எல்லாரும் செய்வது. கம்பத்துக்கு நூறடி முன்னால், இளநீர் வண்டி பக்கத்தில், ஆண்கள் பைக்கை மெதுவாக்குவார்கள். பெண்கள் ஒரு பிள்ளையையும் டிபன் பையையும் தூக்கிக்கொண்டு குதிப்பார்கள். சிக்னலை நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் மெடிக்கல் ஷாப் வாசலில் மறுபடி ஏறிக்கொள்வார்கள். எட்டே காலுக்குப் போய்ப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக நடந்துகொண்டிருப்பார்கள். பெயின்டர் எரிக்கின் மனைவி ஐரின் அங்கேதான் பிரிஜெட்டுக்குப் பழக்கமானாள்.

"வா வா, வாக்கிங் போலாம். டாக்டர் நடக்கச் சொல்லிருக்கார்" என்பாள் ஐரின்.

பிரிஜெட்டும் ஷெர்வினும் இறங்குவார்கள். லவினா இறங்கமாட்டாள். ஒரு ஆண், ஒரு குழந்தை, கணக்கு இரண்டுதான் என்றான் ஜெயராஜ். ஆனால் குழந்தையின் வெறுந்தலை தெரிந்தால் அதற்கும் கேஸ் என்று எரிக் சொல்லிவிட்டான். ஃப்ளைஓவர் அடியில் விற்கிற சின்ன ஹெல்மெட்டில் ஒன்றை வாங்கிப் பார்த்தார்கள். அது லவினாவின் தலையில் சுற்றிக்கொண்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் காது வந்து நின்றது. அதன் கனம் தாங்காமல் கழுத்து சாய்ந்தது. ஜெயராஜ் வேறு யோசனை செய்தான். கம்பம் வருகிறபோது "போஸ்ட்!" என்பான். உடனே லவினா தலையைக் கவிழ்த்து, நெற்றியை மீட்டருக்கு மேல் வைத்துக்கொண்டு, பையைப்போல் சுருண்டுவிடுவாள். அவளுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் யாராவது போஸ்ட் என்றால் சாப்பாட்டுத் தட்டிலேயே தலையை வைப்பாள். படத்தில் பை மாதிரிதான் விழுந்திருக்க வேண்டும், இரண்டு மாதமாக நோட்டீஸ் வரவில்லை.

பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்குத் தெரிவது ஷெர்வினின் பிடரியும் ஜெயராஜின் காலரும்தான். நடக்கத் தொடங்கிய பிறகுதான் பிரிஜெட் தன் குடும்பம் போகிற பைக்கை வெளியிலிருந்து பார்த்தாள். லவினாவுக்கு முன்னால் எதுவும் இல்லை. ஒரு இரும்புக் கம்பி, ஒரு மீட்டர், அதற்குப் பிறகு ரோடு.

"அவளையும் நான் தூக்கிக்கிறேங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

"தூக்கிக்கினு ஷெர்வின எந்தக் கையில புடிப்ப? பை யாரு எடுப்பா? அங்க ட்ரைனேஜ் தோண்டி வச்சிருக்கான், நீ பாக்கல?"

"பாத்தேன்."

"அப்புறம் இன்னா? என் ரெண்டு கைக்கு நடுவுல இருக்கா. இத விட சேஃப் எங்க இருக்குது?"

அவனுக்கு அதில் சந்தேகமே இல்லை. தன் கைகள் இரண்டும் ஒரு வேலி என்று நம்பினான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல் நின்று ரோடு ஈரமாக இருந்தது. பிரிஜெட்டும் ஷெர்வினும் இறங்கி நடந்தார்கள். ஜெயராஜ் "போஸ்ட்" என்றான், லவினா கவிழ்ந்தாள். இடப்பக்கத்திலிருந்து சாப்பாடு டெலிவரி கொண்டுபோகும் ஒருவன் போனைப் பார்த்துக்கொண்டே குறுக்கே வந்தான். ஜெயராஜ் பிரேக் பிடித்தான். வேகம் இருபதுகூட இருக்காது. வண்டி சாயவில்லை. யாரும் விழவில்லை. டெலிவரிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான். ஜெயராஜ் அவனைத் திட்டி முடித்துவிட்டுத்தான் கிளட்ச் பிடித்த கையில் ஏதோ சூடாக இருக்கிறதே என்று குனிந்தான்.

மீட்டரில் இடித்து லவினாவின் கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. மேல்பல் ஒன்று உள்ளே போய்விட்டது. இன்னொன்று டேங்க்கின் மேல் கிடந்தது. லவினா அழவில்லை, மூச்சு வாங்க முடியாமல் கண்ணை அகல விரித்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

கிளினிக்கில் நிருபமா என்ற இளம் டாக்டர் நாலு தையல் போட்டாள். முடித்துவிட்டுக் கேட்டாள்.

"எப்படி ஆச்சு?"

"படியில விழுந்துட்டா டாக்டர்" என்றான் ஜெயராஜ்.

"படியில விழுந்தா கை, முட்டி எங்கயாவது சிராய்ப்பு இருக்கும். இவளுக்கு வாய் மட்டும்தான்." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "டூ வீலரா? முன்னாடி உக்கார வச்சீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு ஹெல்மெட் போட்டு, பெல்ட் வச்சுப் பின்னாடி கட்டணும். தெரியும்ல?"

பின்னால் ஷெர்வின் இருக்கிறான், அவனுக்குப் பின்னால் நான் இருக்கிறேன் என்று பிரிஜெட் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கும் பதில் இருக்காது. தெரியும் என்று தலையாட்டினாள்.

அன்று ராத்திரி அவள் கத்தவில்லை. சட்டையில் இருந்த ரத்தக்கறையைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"இனிமே அவ அங்க உக்கார மாட்டா. போற வரைக்கும் என் மடியில. கம்பத்துகிட்ட என்கூட எறங்குவா."

"சரி" என்றான் ஜெயராஜ். 

மூன்று நாள் லீவுக்குப் பிறகு, சனிக்கிழமை அப்படியே செய்தாள். மடியில் லவினா இருந்ததால் கேரியர் கம்பியைப் பிடிக்கக் கை இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் அவள் பின்னால் நழுவினாள், ஷெர்வினின் பெல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். இளநீர் வண்டி பக்கத்தில் இறங்கினாள். ஐரினும் மற்றவர்களும் முன்னால் போய்விட்டார்கள். லவினாவை இடுப்பில் வைத்து, இரண்டு பையைத் தோளில் மாட்டி, ஷெர்வினின் கையைப் பிடித்து நடந்தாள். ஃபுட்பாத் இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்து மண் ரோட்டோரத்தில் குவிந்து கிடந்தது. மண்ணைச் சுற்றிப் போக வேண்டுமானால் ரோட்டில்தான் இறங்க வேண்டும். எதிரே தண்ணீர் டேங்கர் வந்தது. லவினா இடுப்பிலிருந்து சரிந்தாள், தையல் போட்ட வாய் அம்மாவின் தோளில் இடித்து வீரிட்டாள். பிரிஜெட் அவளை மேலே ஏற்ற ஒரு நொடி ஷெர்வினின் கையை விட்டாள்.

அந்த இடைவெளியில் ராங் சைடில் ஒரு ஸ்கூட்டர் நுழைந்தது. அதன் ஹேண்டில் ஷெர்வினின் ஸ்கூல் பையில் மாட்டி, அவனை ஒரு சுற்று சுற்றி மண்குவியலில் உட்கார வைத்துவிட்டுப் போனது. டேங்கரின் சக்கரம் அவன் ஷூவுக்கு ஒரு முழம் தள்ளி உருண்டது.

"மம்மி, எனக்கு ஒன்னும் ஆவல" என்றான் ஷெர்வின். எழுந்திருக்கவில்லை.

டிராஃபிக் கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பா விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"ஏனம்மா, தலே கெட்டிதியா, புத்தி கெட்டுப் போச்சா? புள்ளைங்கள இழுத்துக்கினு ரோட்டு நடுவுல நடக்கறியே! வண்டி கிண்டி இல்லியா?"

"இருக்குது சார்."

"எங்க?"

"அந்தாண்ட நிக்குது."

அவர் சிக்னலுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். மெடிக்கல் ஷாப் வாசலில் ஜெயராஜ் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். கேமராக் கம்பத்தை ஒருமுறை பார்த்தார், லவினாவின் வாயைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தில் கோபம்தான் வந்தது, ஆனால் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"நான் ஒண்ணும் பாக்கல" என்றார். "கேமராவ நான் வெக்கலம்மா. குழியும் நான் தோண்டல. வா, தாட்டி விடறேன்."

அவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். முப்பது பைக்குகளுக்கு முன்னால் அவர்கள் மூன்று பேரும் நடந்து போனார்கள். அந்த முப்பதில் பத்தின் டேங்க்கில் குழந்தைகள் இருந்தன.

பள்ளிக்கூட கேட்டை மூடிவிட்டார்கள். ஷெர்வினைக் கொடிக்கம்பத்துக்குக் கீழே லேட் வரிசையில் நிறுத்தினார்கள். லவினாவை ஆயா வாங்கிக்கொண்டாள். கார்மெண்ட்ஸ் கேட்டும் மூடியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே போய் சூப்பர்வைசர் ஷோபாவை அழைத்து வந்தான்.

"மூணு நாள் லீவு, இன்னிக்கி லேட். நான் இன்னா சொல்லிச் சமாளிக்கிறது பிரிஜெட்?"

"நாளான்னைக்கு டைமுக்கு வந்துடறேன் மேடம்."

"நீ வருவே. லைன்ல உன் மெஷின்ல வேற ஆள் இருந்தா நான் பொறுப்பில்ல."

திங்கள், செவ்வாய், புதன் என்று இன்னும் மூன்று நாள் முயற்சி செய்தாள். அரை மணி முன்னால் கிளம்பிப் பார்த்தாள், அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தைத் திறக்கவே இல்லை. வாட்ச்மேனிடம் பிள்ளைகளை விட்டுப்போகக் கூடாது என்று போர்டு மாட்டியிருந்தார்கள். ஜெயராஜை இரண்டு ட்ரிப் அடிக்கச் சொன்னாள், முதலில் பிள்ளைகள், பிறகு அவள். அவன் ஒரு நாள் செய்தான். அன்று மடிவாளாவில் ஒரு லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்க, அவன் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். லவினாவைக் கூட்டிப்போக முடியுமா என்று ஐரினைக் கேட்டாள். ஐரின் வீட்டு பைக்கின் டேங்க்கிலும் ஒரு குழந்தை இருந்தது.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பிரிஜெட் ஷோபாவிடம் போய், கழித்துப்போட்ட ஃபோம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர்கள் தைப்பது பெண்களின் உள்ளாடை. கழிவில் கிடப்பது கிண்ணம் கிண்ணமாக வளைந்த ஃபோம். ஷோபா எதற்கு என்று கேட்கவில்லை, ஒரு கவர் நிறைய எடுத்துப்போகச் சொன்னாள்.

சாயங்காலம் அவள் அதை மீட்டரைச் சுற்றியும் ஹேண்டில் நடுவிலும் அடுக்கடுக்காக வைத்து பிரவுன் டேப் ஒட்டினாள். ஜெயராஜ் இடுப்பில் கைவைத்துப் பார்த்தான்.

"அடியே, இன்னாடி இது? இதக் கட்டிக்கினு நான் எம்.ஜி. ரோடு பக்கம்லாம் போவணும்."

"போங்க."

"ஷாப்ல எல்லாம் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்."

அவன் விரலால் அழுத்திப் பார்த்தான். ஃபோம் அமுங்கியது, அதற்கு அடியில் இரும்பு கைக்குத் தட்டுப்பட்டது. அவனுக்கும் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது. பிரிஜெட் இன்னும் ஒரு அடுக்கு ஒட்டினாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. ஷெர்வின் ஏறி உட்கார்ந்துவிட்டான். லவினாவை யார் தூக்கி வைப்பது என்று ஜெயராஜ் காத்திருந்தான், அவன் கை நீளவில்லை. பிரிஜெட் அவளை இரண்டு அக்குளிலும் பிடித்துத் தூக்கி டேங்க்கின் மேல் வைத்தாள். கால்களைச் சரிசெய்தாள். லவினா ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்தாள். இன்னொரு உள்ளங்கையை வாயின்மேல் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ரெண்டு கையாலயும் புடிம்மா" என்றாள் பிரிஜெட்.

"அப்போ வாய யாரு புடிப்பா?"

கைக்கு அடியிலிருந்து குரல் மூக்கடைத்ததுபோல் வந்தது. ஜெயராஜ் நேராக ரோட்டைப் பார்த்தான். ஷெர்வின் அம்மாவைப் பார்த்தான். மணி எட்டு மூன்று ஆகிவிட்டது. பிரிஜெட் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். வண்டி சந்தைவிட்டு வெளியே வந்தது. அவளுக்கு முன்னால் பிடரியும் காலரும் மட்டும் தெரிந்தன.