சட்டையில் வந்த வாடை

விடியுமுன்பே மேஸ்திரியும் ஏழு பேரும் வெல்லப்பாகு வாளிகளைச் சுமந்து சாராய ஆலையின் படியேறிக்கொண்டிருந்தார்கள். பிடரியில் வழிந்த பாகில் ஈ மொய்த்தது. விரட்டக் கை ஒழியவில்லை. ஆளுயரத் தொட்டிகளில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாக்கி, ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. அந்த ஏப்பக் காற்றுதான் எமன். நிறம் கிடையாது, கனமானது. தொட்டியை வடித்த பிறகும் அடியில் தேங்கிக் கிடக்கும். விளக்கை இறக்கிப் பார்த்து, அணையாவிட்டால்தான் ஆள் இறங்குவது வழக்கம். நேரம் வீணாகிறதென்று போன மாதம் முதலாளி அதை நிறுத்திவிட்டார்.

நேற்று தொட்டி கழுவ இறங்கிய மேஸ்திரியின் மச்சான், தங்கை புருஷன், தானாக ஏறி வரவில்லை. கயிறு கட்டி இழுத்துப் போட்டபோது உயிர் ஊசலாடியது.

"குடிச்சிட்டு இறங்கியிருக்கான். வாடை வருதுல்ல, மேஸ்திரி?" என்றார் முதலாளி.

வந்தது. வாயிலிருந்தல்ல, சட்டையிலிருந்து. அந்தத் தொட்டியில் சாமியார் இறங்கினாலும் குடிகாரனாகத்தான் ஏறுவார். இருபது வருஷம் இறங்கி ஏறிய மேஸ்திரிக்கு இது தெரியாதா? ஆனாலும் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். மச்சானின் வேலை போயிற்று.

"அண்ணே, அவரு குடிச்சு நீ பாத்திருக்கியா?" ஆஸ்பத்திரி வாசலில் தங்கை கேட்டாள்.  மேஸ்திரிக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

இன்று முதலாளி அதே தொட்டியைக் காட்டினார். "மிச்சத்தக் கழுவணும். நெட்டையா, இறங்கு."

நெட்டையன் சட்டையைக் கழற்றினான். மேஸ்திரி குறுக்கே வந்து நின்றார். 

"அவன் இறங்க வேணாங்க. என் மச்சான் குடிக்கல. காத்துதான் அடிச்சுப் போட்டுச்சு. வேலை போயிடும்னு பயந்து நேத்து நான் பொய் சொன்னேன்."

"அப்ப நீயும் கிளம்பு."

யாரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அது அறை வாங்கியதைவிட வலித்தது.

நெட்டையன் சட்டையைத் திரும்ப மாட்டினான். "நாங்களும் பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானே இருந்தோம். ஒருத்தன் வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டு மரப்பலகையில் உட்கார்ந்தான். மற்றவர்களும் வாளிகளை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"என்ன கூத்து இது?" என்றார் முதலாளி.

பாகு காய்ச்சுகிற அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். "விளக்கு வேணும். காத்த வெளிய தள்ள ஃபேன் வேணும். படுத்துக் கிடக்கிறவருக்கு வேலை வேணும். அது வரைக்கும் ஈஸ்ட் மட்டும் வேலை செய்யட்டும் முதலாளி."

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். போலீசைக் கூப்பிடுவாரோ, புது ஆட்களைக் கொண்டுவருவாரோ தெரியவில்லை. மேஸ்திரி இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர்களோடு உட்காரக் கூசியது.

நெட்டையன் தள்ளி உட்கார்ந்து பலகையில் இடம் விட்டான்.

"உக்காருங்க. தங்கச்சிகிட்டப் போய்ச் சொல்லணும்ல? தனியாப் போகாதீங்க, எல்லாரும் வர்றோம்."