கடல் கவிழ்த்த லொறி

லொறியின் முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகி றாஹிலா மறுபடியும் சுற்றினாள். இயந்திரம் இருமிவிட்டு அடங்கியது. வீட்டுக்குள், இறந்துபோன அவளுடைய வாப்பா அச்சிமுகம்மதின் மையித்தைக் கபன் துணியிட்டுச் சந்தூக்குப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

அவளுக்கு மூத்தவன், நானா மசூர், லொறிக் கொட்டிலுக்குள் வந்தான்.

"பள்ளிவாசல் வேன் வந்து வெளியில நிக்கிது. நீ இங்க என்ன செய்யிறாய்?"

"வேன அனுப்புங்க நானா. வாப்பா இதுலதான் போவார்."

"ஆமி லொறியிலயா? சனம் என்ன கதைக்கும்?"

"சனம் கதைக்காத நாள் எது?"

அது உலக யுத்தத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஓட்டிய பெட்போர்ட். பிறகு மர ஆலையொன்றில் உழைத்து, கடைசியில் அச்சிமுகம்மதிடம் வந்தது. சுனாமியன்று கடல் அதைச் சாய்ந்தமருதுக் கரையில் கவிழ்த்துப் போட்டது. அதே கடல்தான் உம்மாவையும் கொண்டுபோனது. கரையிலிருந்து தள்ளிக் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபோது, மண்ணுக்குள் கிடந்த லொறியையும் அச்சிமுகம்மது இழுத்து வந்தார். மனிசனுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள் ஊரார்.

"கடல் எடுத்ததுல ஒண்டையாவது நான் திருப்பி எடுப்பன்" என்றார் அவர்.

உப்பில் இறுகிய பிஸ்டன்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்தார்கள். துருவேறிய தகடுகளை வெட்டி எறிந்து புதுத்தகடு பிடித்து, பழைய ஆமிப் பச்சையையே பூசினார்கள். வயலில் உழவு மெசின் ஓட்டிப் பழகிய றாஹிலாதான் கூட நின்றாள். எல்லாம் முடிந்த பிறகு ஆமிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இந்தப் பச்சையோடு றோட்டில் ஏறக்கூடாது, நிறத்தை மாற்று என்றார்கள்.

"அதுட நிறம் அதுதான்" என்றார் அச்சிமுகம்மது.

லொறி கொட்டிலிலேயே நின்றது. நாட்டுக்குள் நடந்த யுத்தம் முடிந்த வாரத்தில் அவருடைய நெஞ்சு நின்றுபோனது.

"ஆமி சென்றியில மறிப்பான் புள்ள" என்றான் மசூர். குரல் தணிந்திருந்தது. "மையித்தோட நடுறோட்டில நிக்க ஏலுமா?"

"மறிச்சா நான் கதைக்கிறன். நீங்க சந்தூக்கப் புடிங்க."

அடுத்த சுற்றில் இயந்திரம் பிடித்தது. முற்றத்தில் ஓதிய கலிமாச் சத்தம் அதற்குள் அமிழ்ந்துபோனது.

பள்ளியில் ஜனாஸாத் தொழுகை முடிந்ததும் அவள் லொறியை அடக்கம் செய்யும் மையவாடிப் பக்கம் திருப்பினாள்.

"பொம்புளப் புள்ள மையவாடிக்கா?" என்று யாரோ கேட்டார்.

"வெளியில நிப்பன்" என்றாள்.

சென்றியில் புதுக்கொடிகள் ஆடின. வெற்றிக்கு வெடி கொளுத்திய காகிதங்கள் றோட்டெல்லாம் கிடந்தன. துவக்கோடு ஒரு சிப்பாய் குறுக்கே வந்து கையை உயர்த்தினான்.

"ஆமி லொறி. யாருட?"

"வாப்பாட."

"வாப்பா எங்க?"

"பின்னால படுத்திருக்கார். போய்ப் பாருங்க."

அவன் பின்னால் போனான். சந்தூக்கை எட்டிப் பார்த்தான். அவன் திரும்பி வந்து கதவுத் தகட்டைத் தட்டினான்.

"இந்தப் பெயிண்ட் கூடாது. மாத்தணும்."

"மாத்த மாட்டன்."

அவன் அவளைப் பார்த்தான். அவளும் பார்வையை எடுக்கவில்லை. காலடியில் இயந்திரம் அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு அவனே றோட்டை மறித்திருந்த தார்ப்பீப்பாயை ஓரமாக உருட்டினான்.

மையவாடி மதிலுக்கு வெளியே றாஹிலா ஆசனத்திலேயே இருந்தாள். உள்ளே மண்வெட்டிகளின் ஓசை கேட்டு, பிறகு நின்றது. ஆட்கள் வெளியே வந்து பின்புறம் ஏறினார்கள். மசூர் மட்டும் முன்னால் வந்தான். கைகளில் ஈரமண் ஒட்டியிருந்தது. கதவை இழுத்தான், திறக்கவில்லை.

"கொஞ்சம் மேல தூக்கி இழுங்க" என்றாள்.

தூக்கி இழுத்து, ஏறி, அவளருகே உட்கார்ந்தான். அவள் கியரை மாற்றினாள்.