கை கொடுப்பதில்லை என்ற தீர்மானம்

ஒரு நாட்டின் மானம் அதன் காடுகளில்தான் வேர்விட்டு நிற்கிறது, அந்த வேரை அந்நியனுக்கு விற்பவனை வரலாறு மன்னிக்காது... வரலாறு மன்னிக்காது என்கிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மந்திரியை நேராகப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி, நல்ல வரிகள்தான், ஆனால் எழுதிக்கொடுத்தவன் மருமகன், அவன் விற்பது வெந்நீர்த் தொட்டி, போன மாதம் உள்ளூர் வானொலியில் ஒரு குடும்பத்தின் மானம் அதன் குளியலறையில்தான் நிற்கிறது என்று இதே ஏற்ற இறக்கத்தோடு ஒரு விளம்பரம் வந்ததை ஊரில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? லோர்ன் வீபி நாற்காலியில் அசைந்து உட்கார்ந்தார். நாற்காலி இரும்பு, இரும்புக்குக் கீழே ஒட்டுப்பலகை, பலகைக்குக் கீழே பனி, நேற்றுத்தான் உறையவிட்ட புதுப்பனி, குளிர் நாற்காலிக் கால் வழியாக ஏறி அவர் இடுப்பில் வந்து குடியேறிக்கொண்டிருந்தது. கர்லிங் கொட்டகையிலா, பனித்தரையில் கல்லைத் தள்ளி விளையாடுகிற இடத்திலா, மந்திரியைக் கூட்டிவந்து உட்காரவைப்பது? ஓட்டல் கூடத்தில் யாருக்கோ கல்யாணம், மந்திரி அலுவலகத்துப் பெண் தொலைபேசியில் கர்லிங் கிளப் என்று கேட்டதும் கணப்பு அடுப்பும் தோல் சோபாவுமாக எதையோ கற்பனை செய்துகொண்டு சரி என்று சொல்லிவிட்டாளாம், இவர்கள்தான் வாஷிங்டனில் உட்கார்ந்து நமக்காகப் பேரம் பேசியவர்கள், போய் உட்காரும் இடம் எதுவென்றே விசாரிக்கத் தெரியாதவர்கள்... பனியைப் பராமரிக்கிற டாட் காலையிலிருந்து அந்தப் பெண்ணின் பின்னாலேயே கத்திக்கொண்டு திரிகிறாள். "நாற்காலியத் தூக்கி வைம்மா, இழுக்காத! மந்திரி நாளைக்கு ஒட்டாவாவுக்குப் போயிடுவாரு, கீறல் விழுந்தா இழைக்கிறது நானா அவரா?" இந்த அறையில் தன் உரிமை எது என்று தெளிவாகத் தெரிந்த ஒரே ஆள் டாட்தான் போலிருக்கிறது.

நம் உரிமை நமக்குத் தெரியாதா என்ன? நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய்த் தெரிந்துகொண்டதுதானே. எல்லையில் அமெரிக்காக்காரன் நம் மரப்பலகைக்கு வரி பிடித்தான், வழக்குப் போட்டோம், ஜெயித்தோம், மறுபடி பிடித்தான், மறுபடி ஜெயித்தோம், ஜெயித்து ஜெயித்தே நம் மரம் அறுக்கும் ஆலையில் ராத்திரி ஷிப்டை நிறுத்தியாகிவிட்டது. இன்னும் ஒரு தீர்ப்பு வந்தால் மொத்த வரியையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தானா இவர்களுக்குச் சமாதானம் பேசத் தோன்ற வேண்டும்? பிடித்த பணத்தில் ஒரு பங்கை அவனே வைத்துக்கொள்வானாம், மிச்சத்தைத் தருவானாம், பதிலுக்கு நாம் வழக்கையெல்லாம் வாபஸ் வாங்க வேண்டுமாம், இதற்குப் பெயர் நட்புறவு. ஆலைக்காரர்கள் அநேகமாக எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஒப்பந்தம் செல்லும், அதனால்தான் மந்திரி பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக இறங்கி வருகிறார், போட மறுப்பவனுக்கு நம் அரசே தனியாக ஒரு வரி போடும் என்பதையும் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கொள்ளையடித்தவன் அங்கே இருக்கிறான், மிரட்டல் மட்டும் வீட்டிலிருந்து வருகிறது... போட்டால் இத்தனை வருஷ வழக்கு குப்பையில், போடாவிட்டால் ஆலை குப்பையில், வீபி அண்ட் சன்ஸ், சன்ஸ் இருவரும் பல் வைத்தியர்கள், இருந்தாலும் பெயர்ப்பலகையில் இருக்கிறார்கள், அந்தப் பலகையை இறக்கும் நாளில் அவர்களா வந்து ஏணி பிடிப்பார்கள்?

போடக் கூடாது. அதுதான் முடிவு. போன வாரம் குர்மேலின் ஆலையில், மத்தியானம், சாப்பாட்டு அறையில் சமோசாத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து பள்ளத்தாக்கின் ஆலைக்காரர்கள் எல்லோருமாக எடுத்த முடிவு. குர்மேல்தான் முதலில் சொன்னான்: "கையெழுத்து அப்புறம். முதல்ல யாரும் அந்தாளுக்குக் கை குடுக்கக் கூடாது. குடுத்தீங்கன்னா போட்டோ எடுப்பானுங்க, நாளைக்குப் பேப்பர்ல பள்ளத்தாக்கே ஒத்துக்கிச்சுன்னு போடுவானுங்க." யாரோ இழுத்தார்கள், எழுந்து நிற்காமல் எப்படி, ஒரு மந்திரி வரும்போது, நாம் என்ன நாகரிகம் இல்லாதவர்களா? "அப்ப அரைவாசி எழுந்திரி," என்றான் குர்மேல், "முட்டி வலிக்குதுன்னு நெனச்சுக்கட்டும்." எல்லோரும் சிரித்தார்கள். பேசுவது யார் என்று வந்தபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். "லோர்ன் பேசட்டும். அவன் தொண்டைக்கு மைக்கே வேணாம், ரம்பம் ஓடுறப்பவே கேக்கும்." தெளிவுக்காகவோ அனுபவத்துக்காகவோ அல்ல, சத்தத்துக்காக. இருக்கட்டும். சத்தம்தானே இன்றைக்குத் தேவை?

குர்மேல் பக்கத்து நாற்காலியில் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், கம்பளித் தலைப்பாகைக்குக் கீழே முகம் சாதுவாக இருக்கிறது, இந்தச் சாதுவை நம்பலாமா? உறுதி சொன்னவன்தான், ஆனால் போன குளிர்காலத்தில் மேல்பள்ளத்தாக்கு அணியோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், இதே பனியில், இன்னும் இரண்டு சுற்று பாக்கி இருக்கும்போதே, கல் தள்ளவும் அதற்கு முன்னால் பனியைப் பெருக்கவும் எல்லோர் கையிலும் தெம்பு மிச்சம் இருக்கும்போதே, அணித்தலைவன் இவன் என்ன செய்தான், கையுறையைக் கழற்றினான், எதிராளியிடம் கையை நீட்டினான், நல்லா ஆடினீங்க என்றான், அவ்வளவுதான், முடிந்தது. தோல்வியைச் சொல்ல இந்த ஆட்டத்தில் வேறு சடங்கு கிடையாது, மணி அடிக்க மாட்டார்கள், கொடி ஆட்ட மாட்டார்கள், வெறுங்கையைக் கொடுத்துவிட்டால் அப்புறம் யாரும் புள்ளிக் கணக்கு கேட்பதில்லை. தலைவன் கொடுத்துவிட்டால் மற்றவர்களும் வரிசையாகக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். லோர்ன் அதற்கப்புறம் ஒரு வாரம் குர்மேலோடு பேசவில்லை. "ஜெயிக்க வழியே இல்லப்பா," என்று அவன் விளக்கம் சொன்னான், "இதுக்கு மேல ஆடினா எதிராளிக்கு மரியாதை இல்ல." எதிராளிக்கு மரியாதை! அந்த வியாதிதான் நாடு முழுக்க இருக்கிறது, ஒட்டாவாவில் மந்திரியாகவே உட்கார்ந்திருக்கிறது, அமெரிக்காக்காரன் நம் பையிலிருந்து பணத்தை எடுத்தால் பையின் கிழிசலுக்காக நாம்தான் வருத்தம் தெரிவிக்கிறோம்... இல்லை, இன்றைக்கு இல்லை, இன்றைக்கு லோர்ன் வீபி பேசுவார், கொட்டகைத் தகரம் அதிரும், வரலாறு மன்னிக்காது என்னும்போது நேராகக் கண்ணைப் பார்த்து...

வந்துவிட்டார்கள். கதவு திறந்து வெளிச்சம் உள்ளே விழுந்தது, முன்னால் புகைப்படக்காரன் பின்பக்கமாக நடந்து வருகிறான், பின்னால் அந்தப் பெண், நடுவில் மந்திரி, கையில் காப்பிக் கோப்பை, எதிர்பார்த்ததைவிடக் குள்ளம், இவ்வளவு கோபத்துக்கு இவ்வளவு சின்ன ஆளா? காலில் நகரத்துச் சப்பாத்து, பளபளப்பு, அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், விழட்டும். யாரும் எழவில்லை. ஒருவர் அரைவாசி எழுந்து முட்டியைத் தடவிக்கொண்டார். கொட்டகை முழுக்க மௌனம், நல்ல மௌனம், லோர்னுக்கு நெஞ்சு விம்மியது, இவர்கள் நம் ஆட்கள், பள்ளத்தாக்கு என்றால் இதுதான் பள்ளத்தாக்கு. மந்திரி முன்வரிசைப் பக்கமாக வந்தார், ஒட்டுப்பலகையின் விளிம்பில் கால் வைத்தார், வழுக்கினார், தடுமாறி நின்றார், நின்ற இடம் லோர்னின் வலதுகால் பெருவிரல். நல்ல குதிகால், முழு எடை. லோர்ன் துள்ளி எழுந்துவிட்டார், முழுதாக, அரைவாசி அல்ல, எழுந்ததும் அந்தத் தொண்டையிலிருந்து, மைக் தேவைப்படாத தொண்டையிலிருந்து, கொட்டகைக் கடைசிவரை கேட்கும்படி ஒரு வார்த்தை வந்தது.

"மன்னிச்சுக்குங்க!"

ஏன்? மிதித்தது அவர், மிதிபட்டது நான், நான் எதற்கு... எதற்கா, வேறு என்ன சொல்வது, ஒருவர் நம் காலை மிதித்துவிட்டால் இந்த ஊரில் வேறு என்னதான் சொல்வார்கள்? "இல்ல இல்ல, நீங்கதான் என்னை மன்னிக்கணும்," என்றார் மந்திரி, "ஐயோ, நான்தான் காலை முன்னால நீட்டிட்டேன்," என்றார் லோர்ன், வாய் தானாகப் பேசுகிறது, உள்ளே யாரோ நிறுத்து நிறுத்து என்கிறார்கள், வேர், அந்நியன், வரலாறு, ஒரு சொல்லும் நாக்குக்கு வரவில்லை, எதிரே ஒரு மனிதன் நிற்கிறான், காலுக்குக் கீழே பனி, இப்படி நின்றால் அடுத்து என்ன செய்வது என்று இந்த உடம்புக்கு நாற்பது குளிர்காலமாகத் தெரியும், கையுறை எப்போது கழன்றது? கழன்றுதான் இருந்தது, இடது கையில் தொங்கியது, வலது கை வெறுங்கையாக மந்திரியின் கைக்குள் இருந்தது, பளிச் என்று மறுபடியும் வெளிச்சம் அடித்தது, அந்த வெளிச்சத்தில் தன் குரலையே கேட்டார்: "நல்லா ஆடினீங்க."

மந்திரிக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையசைத்தார். கொட்டகையில் இருந்த மற்ற எல்லோருக்கும் புரிந்தது. குர்மேல் அண்ணாந்து லோர்னைப் பார்த்தான். "முடிச்சுட்டியா?" என்றான் மெதுவாக. பிறகு எழுந்தான், பையிலிருந்து கையை எடுத்தான், கையுறையை விரல் விரலாகக் கழற்றினான். அவனுக்குப் பின்னால் அடுத்தவர், அடுத்தவருக்குப் பின்னால் அவருக்கு அடுத்தவர், நாற்காலிகள் கிறீச்சிட்டன, தூக்கி வைங்கய்யா என்று டாட் கத்தினாள், வரிசை ஒன்று தானாக உண்டாகி மந்திரியை நோக்கி நகர்ந்தது. "இவ்வளவு பிரியமா வரவேற்பீங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல," என்றார் மந்திரி, குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

இன்னும் எதுவும் ஆகிவிடவில்லை, கை வேறு, கையெழுத்து வேறு, ஒப்பந்தம் அந்த மூலை மேஜையில் விரித்தபடிதான் இருக்கிறது, போய்ப் பேசலாம், இப்போதுகூடப் பேசலாம், லோர்ன் உட்கார்ந்து கையுறையை மாட்டப் பார்த்தார், தப்பான கையில் மாட்டினார், கழற்றினார். முதலில் கையை நீட்டியது மந்திரிதானே? மந்திரிகள் எப்போதும் நீட்டுவார்கள், அதுதான் அவர்கள் வேலை, நீட்டிய கையைத் தட்டிவிட முடியுமா, யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும், குர்மேல் கேட்டால், வீட்டில் கேட்டால், அவர் நீட்டினார், நான் என்ன செய்ய... ஆனால் புகைப்படக்காரன் இரண்டு படம் எடுத்தான். முதல் படத்தில் மந்திரியின் வலது கையில் காப்பிக் கோப்பை இருந்தது. அதை அவர் இடது கைக்கு மாற்றும்வரை லோர்ன் வீபி கையை நீட்டியபடி காத்துக்கொண்டு நின்றார்.