தகரக் கீறல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டியிருந்த அந்தக் குப்பை பிரிக்கும் ஆலையில் சோதனை ஓட்டம் தொடங்கி அன்றைக்கு இருபத்தாறாவது நாள். இயந்திரங்கள் டென்மார்க் கம்பெனி ஒன்றுடையவை. நிலமும் ஆட்களும் சென்னைக் கம்பெனியுடையவை. மூன்று நகராட்சிகளின் லாரிகள் குப்பை கொண்டுவந்து கொட்டின. முப்பது நாள் குப்பையைச் சுமந்து பெல்ட் நிற்காமல் ஓடிவிட்டால் டென்மார்க்காரர்கள் அடுத்த கட்டத்துக்குக் கையெழுத்துப் போடுவார்கள். பெல்ட்டில் குப்பை பிரிக்கும் நாற்பது பெண்களுக்கும் வேலை நிரந்தரம். இது வாசல் பெருக்குகிறவள் வரைக்கும் தெரிந்த விஷயம்.

அந்த நாற்பது பெண்களுக்கும் சாராள்தான் சூப்பர்வைசர். வயது நாற்பத்திரண்டு. பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இவள் மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்து, உருக்காலை ஒன்றின் கேன்டீனில் பதினோரு வருடம் பாத்திரம் தேய்த்து, போன வருடம்தான் இங்கே வந்தாள். பெல்ட்டுக்கு மேலே நீளமாக ஒரு சிவப்புக் கயிறு ஓடும். இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். பெண்களில் அதை இழுக்கிற அதிகாரம் சாராளுக்கு மட்டும்தான்.

காலை ஒன்பது மணி இருக்கும். இடது வரிசையில் ஜோதிலட்சுமி "அக்கா!" என்று கத்தினாள். சாராள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டைவிரலுக்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பழைய சோற்றோடும் தர்பூசணித் தோலோடும் சேர்ந்து ஒரு ஊசி, மூடி இல்லாமல், சிரிஞ்சோடு பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தது.

"இன்னாடி, ஆழமா பூந்துச்சா?"

"ஆமாக்கா. எலும்பு வரைக்கும் சுர்ருங்குது."

சாராளின் கை தானாகக் கயிற்றுக்கு உயர்ந்தது. பாதியிலேயே நின்றது. இன்னும் நாலு நாள். பெல்ட்டை ஓடவிட்டு, அவளை மட்டும் இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டாள். அந்த ஊசி பெல்ட்டோடு போய், மற்றப் பெண்களின் கைகளைக் கடந்து, எங்கேயோ விழுந்தது.

மேனேஜர் வீரராகவன் கெட்ட மனிதர் இல்லை. பெண்களுக்குக் கழிப்பறையும் குளியலறையும் வேண்டும் என்று தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டு வாங்கித் தந்தவர். ஜோதியின் கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டிடி ஊசி போட வண்டி அனுப்புறேன். ரிஜிஸ்டர்ல மட்டும் ஊசின்னு எழுதாதம்மா. ஆஸ்பத்திரி ஊசி குப்பையில வந்துச்சுன்னா அது டென்மார்க்காரங்க ஒப்பந்தத்துல வேற கேஸ். எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க. நாலு நாள் போகட்டும், நானே நகராட்சியில போய்ப் பேசுறேன்."

"அப்ப இன்னான்னு சார் எழுதறது?"

"வழக்கம்போல எழுது."

சாராள் எழுதினாள். 'ஜோதிலட்சுமி, இடது கை, தகரக் கீறல்.' அதே பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே இன்னும் எட்டுத் தகரக் கீறல்கள் இருந்தன. அவற்றில் நாலு, தகரத்தால் ஆனவை அல்ல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சபையில் உடன் பாடுகிற ஷைனிக்குப் போன் போட்டாள். ஷைனி திருவள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் குரல் மாறியது.

"டிடி மட்டும் போதாதுக்கா. யாருக்குப் போட்ட ஊசின்னு தெரியாதுல்ல? எச்ஐவிக்கு மாத்திரை ஆரம்பிக்கணும். எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, எழுவத்திரண்டு மணி நேரம் தாண்டிட்டா பிரயோஜனமில்ல. நாளைக்குக் காலைல மொதல் வேலையா இட்டுக்கினு வா."

சாராள் போனை வைத்துவிட்டு அந்த நாலு பேரை நினைத்தாள். சின்னப்பொண்ணுக்குக் குத்தி பத்து நாளாகிறது. மற்ற மூவருக்கு அதற்கும் முன்னால். அவர்களுக்கெல்லாம் அவள் ஸ்பிரிட் தடவிவிட்டு, "ஒண்ணும் ஆவாது, போய் வேலையப் பாரு" என்று சொல்லியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தாள்.

ஜோதியைச் சம்மதிக்கவைப்பது லேசில் நடக்கவில்லை. அவள் ஊத்துக்கோட்டைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். மாமனாருக்கு மூன்று ஏக்கர் நெல் நிலம். இரண்டு போகம் விளைச்சல் கைவிட்ட பிறகு அவளை வேலைக்கு அனுப்பினார்கள், ஆனால் குப்பையில் வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பேக்கிங் கம்பெனி என்று சொல்லிவைத்திருந்தாள். தினமும் வேன் ஏறுமுன் இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாராளோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட யோசித்தவள்.

"அந்த மாத்திரை இன்னாத்துக்குன்னு எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்க்கா. என்னை ஊட்ல வச்சிக்க மாட்டாங்க."

"தெரியாம பாத்துக்கலாம். உனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது, அத்த நெனைச்சுப் பாரு."

மறுநாள் பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். இருபத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட வேண்டும், ஆறு மாதம் வரை இடையிடையே ரத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: "உங்க இடத்துல வேற யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?"

சாராள் ஜோதியின் முகத்தைப் பார்த்தாள். "நாலு பேருக்கு சார்," என்றாள். வெளியில் ஒரு மனிதரிடம் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இருபத்தெட்டாவது நாள் காலை. நீல்ஸ் என்ற டென்மார்க் இன்ஜினியர் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். வெயிலில் மூக்கு உரிந்து சிவந்திருக்கும். பெண்கள் தரும் டீயை மறுக்காமல் குடிப்பார். ரிஜிஸ்டரின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து, அது மொழிபெயர்த்துக் காட்டுவதைப் படிப்பார்.

"சாரா, எனக்கு ஒன்று புரியவில்லை," என்றார் மெதுவான ஆங்கிலத்தில். "நாலு வாரத்தில் ஒன்பது தகரக் கீறல். ஆனால் நீங்கள் பிரித்துப் போட்ட தகரக் குவியல் என் முழங்கால் உயரம்கூட இல்லை. எங்கே இருக்கிறது இந்தத் தகரம்?"

தூரத்தில் கண்ணாடி அறைக்குள் வீரராகவன் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"நாட் டின் சார். நீடில். ஃபைவ் பீப்பிள்," என்றாள். கையால் குத்திக் காட்டினாள். "ஐ ரைட் டின். மை மிஸ்டேக்."

 நீல்ஸ் கையை உயர்த்திச் சிவப்புக் கயிற்றை இழுத்தார். இருபத்தெட்டு நாளாகக் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷெட்டுக்கு வெளியே காகங்கள் கத்துவது கேட்டது.

ஊசி போடத் தனிப் பெட்டி வைப்பார்கள், தடித்த கையுறை தருவார்கள், லாரியை வாசலிலேயே சோதிப்பார்கள், இரண்டு நாளில் பெல்ட் மறுபடி ஓடும் என்றுதான் சாராள் நினைத்திருந்தாள். அப்படி நடக்கவில்லை. ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டார்கள். டென்மார்க்கிலிருந்து இரண்டு வக்கீல்கள் வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கழிவு கலந்த குப்பையைத் தொடுவதில்லை என்பது தங்கள் கம்பெனியின் விதி, அதை மறைத்தது அதைவிடப் பெரிய குற்றம் என்றார்கள். எந்தக் குப்பையானாலும் வாங்கிக்கொள்வதாகத்தான் ஒப்பந்தம் என்றது நகராட்சித் தரப்பு. ஆறு வாரம் கடிதம் போய்க் கடிதம் வந்தது. கடைசியில் கூட்டு முறிந்துவிட்டது என்று செய்தித்தாளில் நாலு வரி வந்தது.

அந்த ஆறு வாரத்துக்குள் ஐந்து பேருக்கும் ரத்தம் பார்த்தார்கள். சின்னப்பொண்ணுக்குக் கல்லீரலைத் தாக்குகிற மஞ்சள் காமாலைக் கிருமி இருப்பதாக வந்தது. ஊசியால் வந்ததா, முன்பே இருந்ததா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீல்ஸ் ஊருக்குக் கிளம்புமுன் ஆட்டோ பிடித்துச் சாராளின் வீட்டுக்கே வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். கல்லூரியில் படிக்கிற மகள் ஏஞ்சலின் இரண்டு பேருக்கும் நடுவில் மொழிபெயர்த்தாள்.

"நீங்க தைரியமான காரியம் செஞ்சீங்கன்றாரும்மா. அவங்க கம்பெனி அறிக்கையில உன் பேர் போடாம இதை எழுதியிருக்காங்களாம். இதுலருந்து பாடம் கத்துக்கிட்டோம்னு சொல்றாரு."

சாராள் மகள் பக்கம் திரும்பினாள்.

"நான் ஊசிய நிறுத்தச் சொன்னேன், மிஷின இல்லன்னு சொல்லு. அவங்க பாடம் கத்துக்கினு ஊருக்குப் போறாங்க. குப்பை இன்னிக்கும் வந்துக்கினுதான் கீது, அத்த யாரு தொடறதுன்னு கேளு."

ஏஞ்சலின் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீல்ஸுக்கு மூக்கு இன்னும் சிவந்தது. "முடிவு என் கையில் இல்லை," என்றார். அது உண்மை என்று சாராளுக்கும் தெரிந்தது. வாசல் வரை போய் வழியனுப்பினாள்.

குப்பை வந்துகொண்டுதான் இருந்தது. பூட்டின ஷெட்டுக்கு வெளியே, ஏரிப்பக்கத்து வெட்டவெளியில் லாரிகள் கொட்டின. ஒரு காண்டிராக்டர் தினக்கூலிக்கு ஆள் கூப்பிட்டான். அந்த நாற்பதில் இருபத்தாறு பேர் போனார்கள். கையுறை கிடையாது, குழாய் கிடையாது, குளிக்க இடம் கிடையாது. சாராள் முதல் நாள் போய் நின்றபோது சின்னப்பொண்ணு குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்கு வந்த? பாத்துட்டுப் போவவா?"

"வேலைக்குத்தான் வந்தேன்."

"எனுக்குக் குத்தினப்ப ஒண்ணும் ஆவாதுன்ன. அப்ப சொல்லியிருந்தா மாத்திரையாச்சும் துன்னுருப்பேன். சொல்ல வேண்டிய நேரத்துல வாய மூடிக்கினு இருந்துட்டு, வேல நெரந்தரமாவற நேரத்துல போய்த் தொறந்த. ரெண்டுலயும் எங்க பொழப்புதான் போச்சு."

அதில் மறுக்கிற மாதிரி ஒரு வார்த்தையும் இல்லை. சாராள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சின்னப்பொண்ணுக்குப் பக்கத்திலேயே குனிந்தாள்.

ஒரு மாதம் போல அங்கே வேலை செய்தபின், எந்த லாரியில் ஊசி வருகிறது என்று அவள் கண்டுபிடித்துவிட்டாள். குப்புராஜ் ஓட்டுகிற லாரி. ஒரு நாள் அது வந்தபோது அதற்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இத்த நாங்க தொட மாட்டோம். எந்தத் தெருவுலருந்து வருதுன்னு சொல்லு."

"எனுக்கு இன்னாக்கா தெரியும்? தொட்டியில இருக்கறத வாரிக்கினு வரேன். நர்சிங்ஹோம் இருக்கற தெருதான்."

ஒவ்வொருத்தியாக எழுந்துவந்து நின்றார்கள். கடைசியாகச் சின்னப்பொண்ணும் வந்தாள், சாராளைப் பார்க்காமல். இரண்டு நாள் அந்த லாரிக் குப்பை யாரும் தொடாமல் வெயிலில் நாறிக் கிடந்தது. மூன்றாம் நாள் நகராட்சியிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார், படம் எடுத்தார், எழுதிக்கொண்டார். மூன்று வாரம் ஊசி வரவில்லை. பிறகு ஒரு நாள், கறுப்புப் பையில் இரட்டையாகச் சுற்றி, நன்றாக முடிச்சுப் போட்டு வந்தது.

இதற்குள் ஜோதியின் வீட்டில் பெரிய கூத்து நடந்திருந்தது. மாத்திரை குடலைப் புரட்டி வாந்தி எடுத்தாளாம். மாமியார் மூன்றாவது பிள்ளை என்று நினைத்துக் கோவிலுக்கு வேண்டிக்கொண்டாளாம். குப்பை வேலையும் மாத்திரை எதற்கென்பதும் தெரிந்தபோது, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளை அனுப்பவில்லை. புருஷன் மோகன்ராஜ் இரண்டு மாதம் கழித்து வந்து கூப்பிட்டுப் போனான், ஆனால் அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்தார்கள்.

ஆறாவது மாதப் பரிசோதனைக்குச் சாராள்தான் உடன் போனாள். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஷைனி காகிதத்தோடு வரும்போதே தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணுமில்ல. சுத்தமா ஒண்ணுமில்ல. இனிமே வரவும் வேணாம்."

சாராள் சுவரில் சாய்ந்துகொண்டாள். ஜோதி காகிதத்தை இரண்டு தரம் படித்து, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். அழவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஊத்துக்கோட்டை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜோதி ஏறவில்லை.

"இத்தக் காட்டினா சேத்துக்குவாங்கக்கா. தட்டுகூட ஒண்ணாக்கிடுவாங்க. ஆனா வயல்ல இந்தத் தபாவும் ஒண்ணும் வெளையல. ஊட்டுக்காரரே நேத்து கேட்டாரு, அந்தக் குப்பை வேல இன்னும் கீதான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"கேட்டுட்டு வரேன்னேன்." கட்டைவிரலுக்குக் கீழே தேய்த்துக்கொண்டாள். "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?"

வராதே என்று சொல்லத்தான் சாராள் வாயெடுத்தாள். ஆனால் அவளைப் போகச் சொல்ல வேறு வேலை எதுவும் சாராளுக்குத் தெரியாது. பஸ் ஹாரன் அடித்தது.

"ஏழரைக்கு," என்றாள். "லாரி வந்தவொடனே எறங்கிடாத. நானும் சின்னப்பொண்ணும் பையெல்லாம் கொம்பால கிழிச்சுப் பாத்துட்டுச் சொல்லுவோம். அதுக்கப்புறம் கைய வை."

ஜோதி தலையாட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள்.