மடித்து ஒட்டிய நுனி

பழுது பார்க்க வந்த காதக்கா, வந்ததும் எதையும் கழற்றவில்லை. மேசைமேல் அலறிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நிமிடம் அப்படியே நின்றாள். அறை வாசலில் நின்ற வயர்மேன் அந்த இரண்டு நிமிடத்தில் மூன்று முறை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

பத்தொன்பது நாளாக அந்த அலறல். திரையும் உடம்பும் ஒன்றாகவே இருக்கும் பழைய ரகக் கம்ப்யூட்டர்; உள்ளே மூன்று விசிறிகள். ஸ்விட்சைப் போட்ட பத்தாவது நொடியில் மூன்றும் உச்ச வேகத்துக்கு ஏறும். அணைக்கும்வரை இறங்காது. முதல் வாரத்திலேயே பின்சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் தாள்கள் கிழிந்து பறந்து, வியாழக்கிழமையன்றே சனிக்கிழமை வந்துவிட்டது. மாடி வீட்டுக்காரர், கீழே மாவு மில் வைத்திருக்கிறார்கள் என்று நம்பி இரண்டு கிலோ கோதுமையோடு இறங்கி வந்தார். விஷயம் தெரிந்த பிறகும் கோதுமையைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்துவிட்டுப் போனார். ஜன்னலுக்கு வரும் புறா ஒன்று, வெளியே வரும் காற்றில் சிறகடிக்காமலே அந்தரத்தில் நிற்கப் பழகியிருந்தது.

இதில் சிரிக்க முடியாத ஆள் ஒருத்திதான். வயர்மேனின் மனைவி. ரிட்டையராகி ஆறு வருடமாகியும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வீட்டில் அவருக்கும் அப்படியே. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். நாற்பத்தோரு பிள்ளைகள் அவள் குரலைக் கேட்டுப் படித்துத்தான் பரீட்சைக்குப் போக வேண்டும். புவியியலில் நான்கு பாடம் பாக்கி. நாளை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். போனில் பதிவு செய்தால் அந்த நிறுவனம் ஏற்காது. கம்ப்யூட்டரில் செருகிய அவர்களுடைய மைக்கில்தான் வாசிக்க வேண்டும். போர்வையை மூடிக்கொண்டு வாசித்துப் பார்த்தாள். மைக் வயரை நீட்டி, துணி அலமாரிக்குள் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். ஒரு பாடத்தை அனுப்பியும் விட்டாள். ஒரு மாணவியிடமிருந்து குரல்செய்தி வந்தது: "டீச்சர், பருவக்காற்று பாடம் அப்படியே காத்துல நின்ன மாதிரி இருந்துச்சு. நீங்க சொன்னதுதான் ஒண்ணும் கேக்கல."

அன்றிரவு டீச்சர் சாப்பிடவில்லை. வயர்மேன் சாப்பிட்டார், ஆனால் எதைச் சாப்பிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏனென்றால் காரணம் அவர்தான்.

டீச்சர் தங்கை வீட்டுக்கு இரண்டு நாள் போயிருந்தாள். கம்ப்யூட்டர் திறப்பதற்குள் ஒரு குளியல் முடித்துவிடலாம் என்று அவள் அடிக்கடி சொல்வாள். திரும்பி வரும்போது ஆச்சரியப்படட்டும் என்று, ஒரு வீடியோவை நான்கு முறை பார்த்து, பழைய டிஸ்கில் இருந்ததையெல்லாம் புது டிஸ்கில் நகலெடுத்து, திரைக் கண்ணாடியைக் கழற்றி டிஸ்கை மாற்றிவிட்டார். முப்பத்தைந்து வருடம் கட்டடங்களுக்கு வயரிங் செய்த கை. ஒரு ஸ்க்ரூ மிஞ்சவில்லை. மிஞ்சியது ஒரு வயர். தலைமுடி போல மெல்லிசாக, நுனியில் மிளகளவு ஒரு குமிழோடு, பழைய டிஸ்கின்மேல் ஒட்டிக் கிடந்தது. புது டிஸ்கில் அதற்கு இடமில்லை. எங்கும் போய்ச் சேராத வயரைச் சும்மா தொங்கவிடுவது அவர் தொழிலில் பாவம். வெட்டினார், முனையில் டேப் சுற்றினார், மூடினார். கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் திறந்தது. பிறகு அலறியது.

டீச்சர் வந்து கேட்டபோது அவர் வாயில் வந்த வார்த்தை "வோல்டேஜ்." கரண்டு விஷயத்தில் அவர் சொன்னால் அந்தத் தெருவே நம்பும். சொல்லிவிட்டதால் அதற்கேற்ற வேலையும் செய்ய வேண்டியதாயிற்று. ஸ்டெபிலைசர் மாட்டினார். பிளக் பாயின்டை வேறு சுவருக்கு மாற்றினார். கொல்லையில் குழி தோண்டிப் புதிதாக எர்த் போட்டார். அது எவ்வளவு பிரமாதமாக அமைந்தது என்றால், மாடி வீட்டில் பல்பு எல்லாம் பளிச்சென்று எரிகிறது என்று நன்றி சொன்னார்கள். பழுது பார்க்க இரண்டு பேர் வந்தபோது, "கண்ணாடியைத் தொடாதீங்க, உடைஞ்சா கிடைக்காது" என்று பக்கத்திலேயே நின்றார். ஒருவன் வெளியிலிருந்து தூசி ஊதினான். இன்னொருவன் புதிது வாங்கச் சொன்னான்.

மூன்றாவதாகக் காதக்காவை வரவழைத்தது டீச்சர், அவரைக் கேட்காமல். மிக்ஸி ஓடும் சத்தத்தைப் போனில் கேட்டே, உள்ளே விழுந்த ஸ்பூன் பித்தளை என்று சொன்னவள் என்று கடைத்தெருவில் பேச்சு; காதக்கா என்ற பெயரே அப்படி வந்ததுதான். வயர்மேன் அதை நம்பியதில்லை. எவர்சில்வர் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

காதக்கா கையை எடுத்தாள். கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"உடம்பு சில்லுன்னு இருக்கு. காய்ச்சலே இல்லாம கத்துது."

"அப்படின்னா?" என்றாள் டீச்சர்.

"எவ்வளவு சூடுன்னு அதுக்குப் போய்ச் சொல்ற ஆள் உள்ள எங்கயோ காணாம போயிட்டாரு. தகவல் வரலன்னா இது நல்லாதான் இருக்கும்னு நினைக்காதும்மா. தீப்பிடிச்சிருச்சுன்னு நினைச்சுக்கும். அதான் மூணு ஃபேனையும் விட்டு விரட்டுது."

"எங்க அம்மாவும் அப்படித்தான். போன் எடுக்கலன்னா போலீசுக்குப் போயிருவாங்க" என்றாள் டீச்சர்.

"யாராவது திறந்தீங்களா இத?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. "வோல்டேஜ்..." என்று ஆரம்பித்த வயர்மேனைக் காதக்கா பார்த்தாள். மரியாதையான பார்வைதான். ஆனால் ஸ்பூன் பித்தளைதான் என்று அவருக்கு அப்போதே உறைத்துவிட்டது.

கண்ணாடியில் இரண்டு ரப்பர் கிண்ணங்களை அழுத்தி ஒட்டி, பிடித்து இழுத்துக் கழற்றினாள். அந்த அழகை அவரால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அவர் அன்றைக்கு அரைமணி நேரம் வியர்த்த வேலை அது. அவள் தோசைக்கல் மூடியை எடுப்பது போல எடுத்து வைத்தாள். ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் படுக்க வைத்தாள். விரல்கள் எதையும் இரண்டாம் முறை தொடவில்லை. பிறகு நின்றாள்.

"அட" என்றாள் மெதுவாக. "இங்க பாருங்கம்மா."

வெட்டிய வயரின் முனையில் கறுப்பு டேப். சுற்றுக்குச் சுற்று பாதி ஏறியபடி சீராக, கடைசியில் நுனி மட்டும் உள்ளே மடிந்து சின்னதாகத் துருத்திக்கொண்டு.

"நுனிய மடிச்சு விட்டிருக்காரு. அடுத்து பிரிக்கிறவன் நகத்தால சுரண்ட வேண்டாம்னு. இருபது வருஷமா இதுல இருக்கேன், அடுத்தவன நினைச்சு டேப் ஒட்டின ஆள இப்பதான் பாக்குறேன்." மடித்த நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் டேப் முழுசாக வந்தது. "யாரோ பெரிய வேலைக்காரர். சூட்டைச் சொல்ற வயர வெட்டிட்டாரு, அவ்வளவுதான்."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைப்பது போலக் கையில் வைத்துக்கொண்டாள். போன மாதம் ஒடிந்த அதன் காம்பில் கறுப்பு டேப். சுற்றுக்குச் சுற்று பாதி ஏறியபடி, கடைசியில் நுனி மடித்து.

வயர்மேன் கூரையைப் பார்த்தார். அங்கே உதவிக்கு ஒன்றும் இல்லை.

"வெட்டின துண்டு இருந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றாள் காதக்கா. "இல்லன்னா புதுசு வரவழைக்கணும். பழைய ரகம். பத்து நாளாகும்."

"நாளைக்கு சாயங்காலம் அனுப்பணும்" என்றாள் டீச்சர். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

வயர்மேன் உள்ளே போனார். பழைய பிஸ்கட் டப்பா ஒன்றோடு திரும்பி வந்தார். முப்பத்தைந்து வருடத்து மிச்சங்கள், ஒவ்வொன்றும் குட்டி பாலிதீன் பையில், சீட்டெழுதி. மேலாகவே இருந்த பையை எடுத்து நீட்டினார். டீச்சர் அதை வழியில் வாங்கிச் சீட்டைப் படித்தாள். அவள் தங்கை வீட்டில் இருந்த நாளின் தேதி. கீழே அவருடைய குண்டுக் கையெழுத்தில்: 'எதற்கென்று தெரியவில்லை.'

"பத்தொன்பது நாளா வோல்டேஜ்" என்றாள்.

"ம்."

"கொல்லையில குழி தோண்டினீங்க."

"எர்த் எப்படியும் மாத்த வேண்டியதுதான் டீச்சர்."

"அலமாரிக்குள்ள உக்காந்து வாசிச்சேன் நான். கதவ நீங்கதான் சாத்தி விட்டீங்க."

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான்" என்றார், டப்பாவைப் பார்த்து.

"இருந்துச்சு" என்றாள் டீச்சர்.

காதக்கா இதெல்லாம் காதில் விழாதது போல ஈயத்தைச் சூடாக்கினாள். ஸ்பூனின் உலோகத்தைக் கேட்டே சொல்பவளுக்கு அது லேசான காரியம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத இரண்டு இழைகளை எதிரெதிரே வைத்து, மூச்சை அடக்கி, ஒரு சொட்டு தொட்டு எடுத்தாள். வயர்மேனும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். அவர் இணைத்ததெல்லாம் விரல் கனத்து வயர்கள். இது கொசுவுக்குப் பூணூல் போட்டது போல இருந்தது. ஆனாலும் இணைப்பு இணைப்புதான். நல்லதைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். "ரொம்ப சுத்தம்" என்றார், தன் நிலைமையை ஒரு நொடி மறந்து.

"டேப் நீங்க சுத்துங்கய்யா. எனக்கு அந்த மடிப்பு வராது."

சுற்றினார். சுற்றுகள் சீராகவே விழுந்தன. நுனியை மடித்தார். குமிழைப் புது டிஸ்கின்மேல் ஒட்டினாள் காதக்கா. கண்ணாடியை மூடி ஸ்விட்சைப் போட்டாள்.

விசிறிகள் ஒரு முறை பெருமூச்சு விட்டன. தகவல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அடங்கின.

கிளம்பும் முன், இழுத்தெடுத்த பழைய டேப்பைக் காதக்கா தன் கருவிப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிக்கொண்டாள். அதில் வேறு எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

டீச்சர் மைக்கை எடுத்து, புத்தகத்தைப் பிரித்து, 'எதற்கென்று தெரியவில்லை' சீட்டைப் பக்க அடையாளமாகச் செருகினாள். தொண்டையைச் செருமியவள் நிறுத்தினாள். சுவரைக் கை காட்டினாள். பத்தொன்பது நாளாக யாருக்கும் கேட்காத சுவர்க்கடிகாரம், டிக் டிக்கென்று நடந்துகொண்டிருந்தது.

வயர்மேன் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினார். பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், அவருக்குத் தோன்றவில்லை. ஒரு துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அலமாரிக் கதவைச் சாத்தியதைவிட மெதுவாக.

மாடிப்படியில் மாடி வீட்டுக்காரர் நின்றிருந்தார். "மில்ல மூடிட்டீங்களா?" என்றார் கவலையாக. வயர்மேன் உதட்டில் விரலை வைத்தார். உள்ளே டீச்சரின் குரல், ஒரு சொல்கூடச் சிந்தாமல், பகலில் கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும் காற்றைப் பற்றி வாசிக்கத் தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு நேரே புறா வழக்கம்போல் வந்து அந்தரத்தில் நிற்கப் பார்த்தது. காற்று இல்லை. அவசரமாக இரண்டு முறை சிறகடித்துவிட்டு, விளிம்பில் இறங்கி உட்கார்ந்து, தலையைச் சாய்த்தது. துண்டுக்குள்ளிருந்த கடிகாரம் வயர்மேனின் மார்பில் தட்டிக்கொண்டே இருந்தது.