கதிரவன் புயலும் முசுக்கட்டைத் தோட்டமும்

ஆனைமலைத் தொடரின் நீல நிழல் தென்னந்தோப்புகளின்மேல் மெல்லப் படர, பாலக்காட்டுக் கணவாயினூடே பகலெல்லாம் இரைந்து வீசிய காற்று களைத்து அடங்க, உடுமலைப்பேட்டையின் வயல்வெளியெங்கும் மாலை வெயில் உருக்கிய நெய்போல் வழிந்து கிடந்தது. அந்த அமைதிக்காகவே காத்திருந்தான் இல்யாஸ். தம்பிதுரை என்னும் உழவரின் மக்காச்சோளத்துக்குப் புழுமருந்து அடிக்கக் கோவையிலிருந்து ஆளில்லாத் தெளிப்பூர்தியைக் கொண்டுவந்த இளைஞன் அவன். மேற்கு வேலிக்கு அப்பால் நாச்சியம்மாளின் முசுக்கட்டைத் தோட்டம். அத்தழையை உண்டு வளர்ந்த அவளுடைய பட்டுப்புழுக்கள் இன்னும் இரண்டொரு நாளில் கூடு கட்டவிருந்தன. சிறு காற்றும் மருந்தை வேலி தாண்டச் செய்யும் என்றஞ்சி, ஒரு பிடி மண்ணைத் தூவி, அது நேரே விழக் கண்டபின்னரே அவன் ஊர்தியை எழுப்பினான்.

ஆனால் நண்பரே, அவன் எண்ணிப் பாராத வேறொரு கொந்தளிப்பு அவ்வேளையில் உலகையே சூழ்ந்திருந்தது. கதிரவனிடமிருந்து வெடித்தெழுந்த காந்த முகிலொன்று, தனக்கு முன்னே மெல்லச் சென்ற கதிர்க்காற்றை முட்டி நெருக்கியபடி விண்வெளியைக் கடந்து, அன்று நண்பகலில் புவியைத் தாக்கியிருந்தது. அம்முகிலின் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பியிருந்தமையால், வடக்கு நோக்கிய புவியின் காந்தத்தோடு அது பிணைந்து, நம்மைக் காக்கும் அரணைத் திறந்துவிட்டது. உள்ளே பாய்ந்த ஆற்றலால் மேல்வானின் மின்னடுக்கு கலங்க, அதனூடே வந்த செயற்கைக்கோள் குறிகள் தடுமாற, அவற்றை நம்பிப் பறந்த ஊர்தி தன் இடத்தையே தவறாகக் கணித்தது. எதிர்வெயிலில் கண்கூசி நின்ற இல்யாசுக்கு அது தெரியவில்லை. புயலைப் பற்றிய எச்சரிக்கை காலையிலேயே கைப்பேசிக்கு வந்திருந்தும், பனிநாட்டார் வானில் வண்ணம் காண்பார்கள், நமக்கென்ன என்று அவன் புறந்தள்ளியிருந்தான்.

வேலை முடிந்து கிழக்கு ஓரத்தைத் தொட்டுப் பார்த்தவன் திடுக்கிட்டான். அங்கே சோளத்தழை உலர்ந்திருந்தது. கிழக்கு உலர்ந்திருந்தால் மேற்கே நனைந்தது எது? வேலியைத் தாண்டி, நாச்சியம்மாளின் புழுக்கொட்டகைக்கு ஓடினான்.

"அக்கா! எங்கிருந்து தழை வெட்டுனீங்க?"

"வேலியோரந்தானுங்க, தம்பி. இப்பத்தான் ஒரு புழுப்படுக்கைக்குப் போட்டேன். ஏனுங்க, இப்படி எரைக்க எரைக்க ஓடியாறீங்க?"

பின்னாலேயே வந்துவிட்ட தம்பிதுரைக்கு மூச்சு வாங்கியது. "கோடு போட்ட மாதிரி போகும்னியே, கண்ணு! காத்துக்கூட இல்லியே!"

"சூரியன்ல புயலுங்க. அதனால சேட்டிலைட்டு எடத்தத் தப்பாக் காட்டிருச்சுங்க."

"அப்ப நான் சூரியங்கிட்டப் போயி நாயம் கேக்கறதுங்களா?" என்றாள் நாச்சியம்மாள்.

"எங்கிட்டக் கேளுங்க, அக்கா. எச்சரிக்கை வந்துச்சுங்க. நாந்தான் கண்டுக்காம ஓட்டிப்போட்டேன்."

அவள் படுக்கைக்கு விரைந்தாள். மூவரும் குனிந்து கிளைகளை அள்ளி வெளியே எறிந்தார்கள். எறிந்துகொண்டிருக்கையிலேயே படுக்கையெங்கும் புழுக்கள் ஒவ்வொன்றாய்த் தலையுயர்த்தி அசையத் தொடங்கின. முதிர்ந்த புழு கூடு கட்ட இடந்தேடி அவ்வாறுதான் தலையசைக்கும். அதனால் ஒரு நொடி அவள் முகம் மலர்ந்தது. மறுநொடி, நஞ்சேறிய அவற்றின் வாயிலிருந்து பச்சை நீர் வழிந்தது. எட்டாத தொலைவில் எழுந்த சீற்றத்துக்கு இரையாகி, நூலொன்றும் நூற்காமலே அச்சிற்றுயிர்கள் அவள் கண்ணெதிரே சுருண்டு அடங்கின.