கண்ணாடியில் நின்ற ஆள்

என் வேலையே குறை சொல்வதுதான். அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் கடைகளுக்குப் பழைய படமும் புதுப் படமுமாக புளூ-ரே டிஸ்க்குகள் வருகின்றன அல்லவா, அவை அச்சுக்குப் போவதற்கு முன் ஒரு தடவை முழுதாக ஓட்டிப் பார்த்து, எங்கே கீறல், எங்கே புள்ளி, எங்கே நிறம் வெளுத்திருக்கிறது என்று தாளில் எழுதிக் கொடுப்பவள் நான். ஆபீஸில் எனக்கு வைத்திருக்கும் பெயர் நொட்டை. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், டீ குடிக்கிற இடத்தில் சொல்வார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"படம் பார்த்தே சம்பாதிக்கிறே, கொடுத்து வச்சவ" என்று சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எங்கே படம் பார்க்கிறேன்? திரையின் ஓரங்களைத்தான் பார்க்கிறேன். கதாநாயகி செத்துக்கொண்டிருப்பாள், நான் அவள் தலைக்குப் பின்னால் சுவரில் துள்ளும் வெள்ளைப் புள்ளியை எண்ணிக்கொண்டிருப்பேன். சத்தத்தைச் சோதிப்பவர்கள் வேறு அறையில் இருக்கிறார்கள், அதனால் எனக்குப் படம் ஊமை. வெளியே கசிந்துவிடக் கூடாது என்று பெயர்கூடப் போட மாட்டார்கள். டப்பாவின் மேல் எண் மட்டும் இருக்கும். என்ன படம் வருகிறது என்று ஊர் தெரிந்துகொள்கிற மாதிரி, நானும் கடைக்காரர் ஒட்டும் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா நான் பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது ஐந்தே நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். படப்பிடிப்புகளில் மைக் கம்பு பிடிப்பது அவர் வேலை. நடிகர்கள் பேசும்போது அவர்கள் தலைக்கு மேலே, கேமராவுக்குத் தெரியாமல் மைக்கை நீட்டிப் பிடிக்க வேண்டும். அவருடைய புகைப்படம் என்று வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. கல்யாணப் படம். அதிலும் பிளாஷ் வெளிச்சத்தில் கண்ணை மூடிவிட்டார். ஆக, என் அப்பாவின் கண்ணை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் அம்மாவிடம் ஒரு கதை உண்டு. அப்பா கடைசியாக வேலை செய்த படத்தில் கதாநாயகி கோபத்தோடு அலமாரியைத் திறப்பாளாம். கதவில் கண்ணாடி. கதவு திரும்பும்போது இரண்டு விநாடி அதில் அப்பா தெரிவாராம், கண்ணைத் திறந்துகொண்டு. படம் வந்தது அவர் இறந்த அடுத்த மாதம். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினொரு தடவை தியேட்டருக்குப் போயிருக்கிறாள். பிறகு வீடியோ கேசட் வந்தது. அந்த இடத்தையே திருப்பித் திருப்பி ஓட்டியதில், சரியாக அந்த இடம் மட்டும் தேய்ந்துபோயிற்று. நான் பார்க்கிற வயதுக்கு வந்தபோது அங்கே வெறும் கோடுகள்தான் ஓடின.

"இதுல யாருமே இல்லம்மா. நீயா நினைச்சுக்கறே" என்று பதின்மூன்று வயதில் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு அந்தக் கதையை மற்றவர்களுக்குச் சொன்னாளே தவிர எனக்குச் சொன்னதில்லை. அவள் ஆரம்பித்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். எனக்கு வாய்க்கொழுப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்காரர் கொடுத்த அடுத்த மாதப் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் விரலை வைத்திருந்தாள்.

"ஏண்டி, இது வருதாமே?"

"எது?"

"அப்பா படம்."

அந்தப் படத்துக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் கிடையாது.

"வந்தா வரட்டும். அதுக்கென்ன இப்போ?"

"பழசையெல்லாம் சுத்தம் பண்ணி, பளிச்சுனு போடறாங்களாம். உங்க ஆபீசுக்குத்தானே வந்திருக்கும். நீ பார்த்தியா?"

"எனக்கு நம்பர்தான் தெரியும், பேரு தெரியாதுன்னு எத்தனை தடவை சொல்றது."

"அலமாரி ஒண்ணு வருமே. கண்ணாடி வச்ச அலமாரி."

அலமாரி. கதவு. கண்ணாடி. பதினைந்து நாளைக்கு முன் நான் அதைப் பார்த்திருந்தேன். பார்த்து என்ன எழுதினேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

"போகட்டும். நாப்பத்தொரு வருஷம் பொறுத்தாச்சு, மூணு வாரம் பொறுக்க மாட்டேனா" என்று சொல்லி, அம்மா தாளை நான்காக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆபீஸ் கதவைத் திறந்தவளே நான்தான். மேஜை டிராயரில் தாள்களைப் புரட்டினேன். எண் 417. என் கையெழுத்து. 'ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. அலமாரிக் கண்ணாடியில் மைக் கம்போடு ஒரு ஆள் தெரிகிறார். நீக்கவும்.' நீக்கவும் என்பதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். பக்கத்தில் பச்சை மையில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை.

அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. நாற்பது வருடமாக ஒருத்தர் கண்ணிலும் படாத குறையை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று டீ குடிக்கிற இடத்தில் நானே போய்ச் சொன்னேன்.

திருத்திய பிரதியைப் போட்டுப் பார்த்தேன். கதாநாயகி வந்தாள், கதவைத் திறந்தாள், கண்ணாடி திரும்பியது. அதில் வெறும் சுவர். ஆள் நின்ற சுவடே இல்லை. நான் அழுதேன். சொல்வதற்கென்ன வெட்கம். அம்மா வருடக்கணக்காகச் சொன்ன ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. அப்பாவும் அவள் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தார். எனக்கு உறைக்கவில்லை. பெற்ற அப்பனைப் பார்த்து, அழுக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிரதி அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அச்சுக்குப் போய்விடும். அதன்பிறகு பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. முடித்து முத்திரை குத்திய குறையைத் திரும்பத் திறக்க வேண்டுமென்றால், படத்தைச் சோதித்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று நான். இன்னொருவர் பூதக்கண்ணாடி.

அவர் ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. கழுத்தில் கயிறு கட்டி ஒரு லென்ஸைத் தொங்கவிட்டிருப்பார், அதனால் அந்தப் பெயர். அவருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். நான் விட்டதை அவர் பிடிப்பார், அவர் விட்டதை நான் பிடிப்பேன், இருவரும் மறக்கவே மாட்டோம். ஒன்பதரை மணிக்கு அவர் வந்து உட்காருவதற்குள் எதிரே போய் நின்றேன்.

"சார், 417-ல ஒரு திருத்தத்தைத் திருப்பணும்."

"எது?"

"கண்ணாடில இருந்த ஆளு."

"அதையா? நானே விட்டுட்டேன், நீங்கதான் பிடிச்சீங்க." கஷாயம் குடித்த முகத்தோடு சொன்னார். "அதை எதுக்குத் திருப்பணும்?"

"அது எங்க அப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"தெரியாமலா எழுதினீங்க?"

"தெரியாமத்தான்."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல 'எங்க அப்பா'ன்னு எழுதினா மேல ஒத்துக்குவாங்களா? ஆளாளுக்குச் சொந்தக்காரங்களைப் படத்துல வச்சுக்கிட்டா படம் என்னத்துக்கு ஆகும்?"

"அப்போ போனா போகட்டும்னு விட்டுடச் சொல்றீங்களா? எங்க அம்மா நாப்பத்தொரு வருஷமா..." என் குரல் உயர்ந்துவிட்டது.

"கத்தாதீங்க. அப்பாங்கறது காரணம் இல்ல. தப்பு இருந்தா அது காரணம். துடைச்ச இடத்துல தப்பு இருக்கான்னு பார்ப்போம். உட்காருங்க."

இரண்டு விநாடி என்றால் நாற்பத்தெட்டு பிரேம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். பத்து வரை சுத்தம். இருபது வரை சுத்தம். துடைத்தவர் பலே கைகாரர், சுவரின் காரை உதிர்ந்த இடத்தைக்கூட அச்சு அசலாக வரைந்திருந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு குறை கிடைக்காதா என்று நான் ஏங்கிக்கொண்டிருந்தேன். முப்பதைத் தாண்டியபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

முப்பத்தாறில் அவர் லென்ஸைத் தூக்கினார்.

"இங்க பாருங்க."

கதாநாயகியின் தோளில் சாய்வாக ஒரு மெல்லிய சாம்பல் கோடு. அடுத்த பிரேமில் அது கழுத்துக்கு நகர்ந்தது, அதற்கடுத்ததில் கூந்தலுக்கு. மைக் கம்பின் நிழல்.

"நிழல் இருக்கு, ஆள் இல்ல" என்றார். "இது தப்பு."

நான் கண்ணாடியை மட்டும் பார்த்தவள், அவள் தோளைப் பார்க்கவே இல்லை.

"இப்போ ரெண்டு வழி. ஆடற கூந்தல்ல இருந்து நிழலை இழை இழையா எடுக்கணும், அதுக்கு ரெண்டு நாள் ஆகும். இல்லாட்டி பழைய ரெண்டு விநாடியையே திரும்ப ஒட்டணும், அதுக்கு அரை மணி. அச்சு ரெண்டு நாள் காத்திருக்காது." காரணக் கட்டத்தில் குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்: 'திருத்தத்தால் ஆள் இல்லாத நிழல். பழைய காட்சியைத் திரும்பச் சேர்க்கவும்.' கையெழுத்துப் போட்டுவிட்டு என் பக்கம் தாளைத் தள்ளினார்.

"உங்க அப்பாவுக்காகப் போடல. நிழலுக்காகப் போட்டேன். நாளைக்கு இன்னொருத்தர், எங்க மாமனார் இருக்காருன்னு வந்து நிக்கக் கூடாது."

"சரி சார்."

"ஆனா கம்பை நல்லாப் பிடிச்சிருக்காரு. மைக்கு கொஞ்சம்கூட உள்ள வரல. ஆளுதான் வந்துட்டாரு."

பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒருத்தரைப் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பதினொன்று நாற்பதுக்கு ஒட்டி முடித்தார்கள். ஓடவிட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் ஆள் இருந்தார். நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு முன்னால் நான் மட்டும் பார்ப்பது நியாயமில்லை என்று பட்டது.

படம் வெளியான செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் போய் டிஸ்க்கை வாங்கி வந்தேன். அம்மா தலை வாரி, முகம் கழுவி, டிவிக்கு எதிரே தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"நேரா அந்த இடத்துக்கே போயிடவா?"

"ஆரம்பத்துலேருந்து போடு. நாம முன்னாடியே போய் நின்னா, அவர் வந்திருக்க மாட்டாரு."

சத்தத்தோடு, ஓரத்தைப் பார்க்காமல், ஒரு முழுப் படத்தை நான் பார்த்து வெகு காலமாகிவிட்டது. அதிலும் இரண்டு இடத்தில் புள்ளி கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அலமாரி வந்தது. கதவு திரும்பியது. நிறுத்தினேன்.

ஒல்லியான ஆள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கம்பைத் தூக்கிப் பிடித்ததில் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கம்பின் நுனியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் திறந்திருந்தன. காலையில் பல் தேய்க்கும்போது நான் கண்ணாடியில் பார்க்கிற அதே கண்கள்.

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள். அழப் போகிறாள் என்று நானும் எழுந்தேன். அவள் குனிந்து, கண்ணைச் சுருக்கி, திரையில் விரலை வைத்தாள்.

"காது மேல என்னடி அது?"

பார்த்தேன். காதுக்கும் முடிக்கும் நடுவே வெள்ளையாக ஒன்று சொருகியிருந்தது. ஊர்ப்பட்ட புள்ளியையெல்லாம் கண்டுபிடிக்கிற நான் அதைக் கவனிக்கவே இல்லை.

"சிகரெட்டும்மா."

அம்மா நிமிர்ந்தாள்.

"விட்டுட்டேன்னாரே. நீ பொறந்த அன்னிக்கு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரே." குரலில் சூடு ஏறியது. இத்தனை வருடமாக அப்பாவைப் பற்றி 'பாவம், தங்கமான மனுஷன்' என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. "எங்கிட்டயே புளுகியிருக்காரு பாரு. அதுவும் ஊரே பார்க்கக் காதுல சொருகிக்கிட்டு. பதினோரு தடவை பார்த்தேன், எனக்குத் தெரியலையே."

நான் சிரித்துவிட்டேன்.

"நீ என்னத்துக்குச் சிரிக்கறே? திருட்டு முழி, அப்படியே அவரை உரிச்சு வச்சிருக்கு."

நாங்கள் மூன்று பேரும் ஒரே அறையில் இருந்து சண்டை போட்டது அன்றைக்குத்தான். அது அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அம்மா, இவரை எடுக்கச் சொன்னதே நான்தான். போன மாசமே பார்த்தேன். யாருன்னு தெரியல. யாரோ ஒருத்தர் நிக்கறாரு, அழிச்சுடுங்கன்னு எழுதிக் கொடுத்துட்டேன். அப்புறம்தான் திரும்ப வைக்க வேண்டியதாப் போச்சு."

அம்மா திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அவள் தோளிலிருந்து மெல்ல இறங்குவது தெரிந்தது.

"அவர் மட்டும் இப்போ உன்னைப் பார்த்தா தெரிஞ்சுக்குவாரா?" என்றாள். "உனக்குப் பதினோரு மாசம் அப்போ. மொட்டைத் தலை."

அம்மா நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இருவரும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

"போதும், ஓட விடு" என்றாள் பிறகு. "எவ்வளவு நேரம்தான் அந்த மனுஷன் கம்பைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரு. கை வலிக்காதா."